இன்னும் ஒரே ஒரு வாய்

வீட்ல ரெண்டு வயசுப் பிள்ளை இருந்தா ஊர்ல இருந்து வர்ற எந்த போன்லயும் முதல் கேள்வி ஒண்ணுதான், பிள்ளை சாப்பிட்டுச்சா. மழை பேஞ்சுச்சா, வேலை எப்படிப் போகுது, உடம்பு எப்படி இருக்கு எல்லாம் அதுக்கப்புறம்தான். சாப்பிட்டுச்சுன்னு சொன்னா எவ்வளவுன்னு அடுத்த கேள்வி வரும், ஒரு இட்லின்னு சொன்னா அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பேச்சே இருக்காது, அப்புறம் "ஒண்ணுதானா"ன்னு ஒரு பெருமூச்சு. பிள்ளை ஓடுதா, சிரிக்குதா, புதுசா என்ன பேசுதுன்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. எத்தனை வாய் உள்ள போச்சுங்கிறதுதான் நாம பிள்ளைய நல்லா பாத்துக்குறோமா இல்லையாங்கிறதுக்கு அளவா ஆகிப்போச்சு, இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு.

எங்க வீட்ல நாங்க முடிவு பண்ணி வச்சிருக்கறது இதுதான். என்ன குடுக்கணும், எப்போ குடுக்கணும், எங்க உட்கார வச்சுக் குடுக்கணும்ங்கிறது எங்க பொறுப்பு, எவ்வளவு சாப்பிடணும்ங்கிறது பாப்பாவோட பொறுப்பு. இது நான் கண்டுபிடிச்சது இல்ல, எலின் சாட்டர்னு அமெரிக்காவுல ஒரு டயட்டீஷியன் பல வருஷமா சொல்லிட்டு வர்ற விஷயம், பாப்பாவைப் பாக்குற டாக்டரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாங்க. கேக்க ரொம்ப சுலபமா இருக்கும், ஆனா பாதி தட்டு மிச்சம் இருக்கும்போது கைய எடுக்குறது இருக்கே, அதுக்கு ரொம்ப தெம்பு வேணும்.

நாங்க ஓசூர்ல இருக்கோம், சொந்த ஊரு கோவில்பட்டி பக்கம். எனக்கு செகண்ட் ஷிப்ட், மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள போகணும், கம்பெனி பஸ் ஒண்ணேகாலுக்குத் தெருமுனைக்கு வந்துடும். வீட்டுக்காரி ஸ்கூல் டீச்சர், எட்டு மணிக்கு முன்னாடியே கெளம்பிடுவா. ஆக காலை டிபன், பதினோரு மணிக்கு ஒரு பழமோ மசிச்ச சுண்டலோ, மத்தியானச் சோறு மூணும் என் கையிலதான் இருக்கு. நான் போனப்புறம் வீட்டுக்காரி வர்ற வரைக்கும் பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்குறாங்க, அவங்க தெலுங்கு பேசுறவங்க, எதிர்வீடு கன்னடம், பாப்பா பசிச்சா தமிழ்லயும் தாகம் எடுத்தா நீள்ளு நீள்ளுன்னு தெலுங்குலயும் கேக்குறா. ராத்திரி நான் வீடு வந்து சேரும்போது அவ தூங்கி ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அதனால எனக்கு அவளோட கெடைக்குற பொழுது இந்தக் காலை நேரம் மட்டும்தான், அதை வாயத் தெற வாயத் தெறன்னு மல்லுக்கட்டியே கழிக்க எனக்கு மனசு வரல.

ஒரு வயசுக்கு அப்புறம் பிள்ளைங்க சாப்பாட்டைக் குறைச்சிடும், இது பெத்தவங்க எல்லாருக்கும் முன்கூட்டியே யாராவது சொல்லி வைக்கணும். உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சிக் கணக்குல பாத்தீங்கன்னா ஒரு பொம்பளப் பிள்ளை பொறக்கும்போது சுமாரா 3.2 கிலோ, ஒரு வயசுல 8.9 கிலோ, ரெண்டு வயசுல 11.5 கிலோ. அதாவது முதல் வருஷத்துல அஞ்சரை கிலோவுக்கு மேல ஏறுற உடம்பு ரெண்டாவது வருஷம் முழுக்க ரெண்டரை கிலோதான் ஏறுது. வளர்ற வேகம் பாதிக்கும் கீழ போயிடுச்சு, அப்ப வயிறு கேக்குற அளவும் குறையத்தானே செய்யும். நமக்கு என்னன்னா, எட்டு மாசத்துல கிண்ணம் கிண்ணமா கூழ் குடிச்ச பிள்ளை ஒண்ணரை வயசுல தலையத் திருப்பிக்கிட்டா ஏதோ கண்ணு பட்டுருச்சுன்னு தோணுது, உப்பு மொளகா சுத்திப் போடுறோம், டானிக் வாங்குறோம், பசிக்க வைக்க மருந்து இருக்கான்னு டாக்டரப் போட்டு நச்சரிக்கிறோம். ஆஸ்பத்திரியில குடுக்குற தாய் சேய் அட்டையில பின்னாடி ஒரு வளர்ச்சிப் படம் இருக்கும், பொண்ணுக்கு ரோஸ் கலர், பையனுக்கு நீலம், அதுல பிள்ளையோட கோடு பச்சைப் பட்டைக்குள்ள மேல ஏறிட்டே இருந்தா போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோட தொடை அளவப் பாத்து கவலைப்பட வேண்டியது இல்ல. கோடு படுத்துச்சுன்னா, இல்ல மஞ்சள் பட்டைக்கு எறங்குச்சுன்னா அது வேற கதை, அப்ப டாக்டர் என்ன சொல்றாங்களோ அதுதான் கேக்கணும், நான் இங்க எழுதுறது எல்லாம் நல்லா இருக்குற பிள்ளைங்களப் பத்தித்தான்.

எங்க அம்மா ஊர்ல இருந்து வந்தாங்கன்னா வீட்ல காத்தே மாறிடும். கிண்ணத்தை எடுத்துக்கிட்டு பின்னாடியே போவாங்க, "எந் தாயி, ராசாத்தி, இந்த ஒரு வாய் காக்காவுக்கு, இந்த ஒரு வாய் நிலாவுக்கு, இன்னும் ஒரே ஒரு வாய்"னு மாடிப்படி வரைக்கும் போயிடுவாங்க. அந்த ஒரே ஒரு வாய்க்கு முடிவே கிடையாது. நான் "விடும்மா, அவளுக்குப் போதும்"னு சொன்னா, "நீ பேசாம இருய்யா, பிள்ளை வாடிப் போய்க் கெடக்கு"ன்னு என் மேல கோவம் வரும். இதை சும்மா பழைய காலத்து ஆளுங்கன்னு தள்ளிட்டுப் போறவங்க நெறைய பேர் இருக்காங்க, எனக்கு அது சரியாப் படல, ஏன்னா அந்தக் கிண்ணத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு முன்னாடி பொறந்த ஒரு அண்ணன் மணல்வாரி அம்மை போட்டு ரெண்டு வயசுலயே போயிட்டாரு. கரிசக்காட்டு ஊருல அந்தக் காலத்துல ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது அப்படிப் போயிருக்கும்னு ஆச்சி சொல்லுவாங்க. 1971ல நம்ம நாட்டுல ஆயிரம் குழந்தை பொறந்தா 129 குழந்தை ஒரு வயசுக்குள்ள செத்துப்போச்சு, தமிழ்நாட்டுல 2020 கணக்குப்படி அது 13. மணல்வாரிக்குத் தடுப்பூசி நாடு முழுக்கப் போடுற திட்டத்துல 1985லதான் வந்துச்சு. அந்த நாள்ல ஒரு காய்ச்சலோ வயித்துப்போக்கோ வந்துச்சுன்னா நாலு நாள்ல பிள்ளை பாதியாகிடும், அதைத் தாங்குறதுக்கு உடம்புல கொஞ்சம் சதை இருக்கணும், கொழுகொழுன்னு இருக்குற பிள்ளை பொழைக்கும், ஒல்லிப் பிள்ளை போயிடும், அவங்க கண்ணால பாத்தது அதுதான். கம்பங்கூழு கெடைச்சா கூழு, இல்லன்னா இல்ல. 1982 ஜூலையில எம்ஜிஆர் சத்துணவுத் திட்டம் ஆரம்பிச்சப்ப அம்மாவோட தம்பி தங்கச்சிங்க தட்டைத் தூக்கிட்டு ஓடுனதை இப்பவும் கண்ணு கலங்கித்தான் சொல்லுவாங்க. அப்படி வளந்த ஒருத்தங்க முன்னாடி ஒரு பிள்ளை பருப்புச் சோத்தைப் பாதியில தள்ளி விட்டா அவங்களால எப்படி சும்மா இருக்க முடியும். அதனால நான் அம்மா கூட வாதாடுறது இல்ல, அட்டையை எடுத்து வச்சு கோட்டைக் காட்டுவேன், ரெண்டு டோஸ் மணல்வாரி ஊசியும் போட்டாச்சுன்னு தேதியைக் காட்டுவேன். அது அவங்களுக்குப் புரியுது, ஊசித் தேதியை மட்டும் ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டாங்க.

சரி, எங்க காலைப் பொழுது எப்படிப் போகும்னு சொல்றேன். ஓசூர்ல மார்கழி தையில எல்லாம் ஏழு மணி வரைக்கும் குளிரு விடாது, ஸ்வெட்டர் போட்டபடியே கீழ பழைய வேட்டிய விரிச்சு அவளை உட்கார வச்சு, எதிர்ல நானும் என் தட்டோட உட்காந்துருவேன். அவ தட்டுல அரை இட்லி, கொஞ்சம் நெய், பருப்பு. அரைதான் வைப்பேன், வேணும்னா கேப்பா, குவிச்சு வச்சா தட்டையே பாக்க மாட்டா. முதல்ல அமுக்குவா, அப்புறம் பருப்புல விரல விட்டு சுத்துவா, ஒரு துண்டை எடுத்து உத்துப் பாத்துட்டு வாயில வைப்பா, திருப்பி எடுப்பா, மறுபடி வைப்பா. நல்ல பசி இருக்குற அன்னைக்கு இதெல்லாம் கெடையாது, ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி முழுங்குவா. பசி அடங்குன உடனே டம்ளரை எடுத்து மெதுவா சாய்ச்சு ஊத்திட்டு என் மூஞ்சியப் பாப்பா. பிள்ளைத்தமிழ்ல சிற்றில் பருவம்னு ஒண்ணு வரும், பொண்ணுங்க ஆசையாக் கட்டின மணல் வீட்டை ஆம்பளப் பிள்ளை வந்து காலால சிதைச்சிட்டுப் போவான், சிதைக்காதேன்னு அவங்க கெஞ்சிப் பாடுவாங்க. எங்க வீட்ல பொம்பளப் பிள்ளைதான் சிதைக்குது, மணலுக்குப் பதிலா தயிர் சோறு. புலவர்கள் எல்லாம் வீட்ல பிள்ளை வளத்து, பக்கத்துல உட்காந்து பாத்துத்தான் பாடியிருக்காங்கன்னு எனக்கு ஒரு நம்பிக்கை, இல்லன்னா அந்தக் கொண்டாட்டம் அதுல வந்திருக்காது.

தட்டைத் தள்ளுறா, தலையத் திருப்புறா, சோறு பறக்க ஆரம்பிக்குதுன்னா அத்தோட முடிஞ்சுது. கோவமும் கெடையாது, கெஞ்சலும் கெடையாது, கை கழுவி எறக்கி விட்டுருவேன். அடுத்தது பதினோரு மணிக்குத்தான், நடுவுல தண்ணி மட்டும் எப்ப வேணா. அந்த ரெண்டு மூணு மணி நேரம் வயித்தை சும்மா விடுறதுதான் இதுல பாதி வேலை. நாங்க தெருவுல நடப்போம், நடப்போம்னா பத்து வீடு தாண்ட அரை மணி நேரம் ஆகும், ஒவ்வொரு கல்லா எடுத்துப் பாக்கணும், மாட்டுக்கு டாட்டா சொல்லணும், சாக்கடை மூடி மேல குதிக்கணும். இந்த வயசுப் பிள்ளைங்க ஒரு நாளைக்கு மூணு மணி நேரமாவது ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு, மூணு மணி நேரம் ஓடின பிள்ளைக்கு டானிக் எதுக்கு. தெருவை விட்டு வர மாட்டேன்னு அழுவா, தூக்கிட்டு வந்து மத்தியானச் சோத்தைப் பெசஞ்சு வச்சா அந்த அழுகையோடயே சாப்பிட ஆரம்பிச்சிடுவா.

பிள்ளைக்குத் தன்னோட வயிறு தெரியும்ங்கிறதை நான் சும்மா நம்பிக்கையில சொல்லல. கிளாரா டேவிஸ்னு அமெரிக்காவுல குழந்தைங்களுக்குப் பாக்குற ஒரு டாக்டர், கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி 15 குழந்தைங்கள வச்சு பல வருஷம் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 1939ல அதோட முடிவு வந்துச்சு. முப்பதுக்கு மேல சாப்பாட்டு வகை, கறி, முட்டை, தானியம், காய், பழம், பால்னு இருக்கும், வேளா வேளைக்கு அதுல ஒரு பகுதியை கிண்ணம் கிண்ணமா முன்னாடி வச்சிருவாங்க, எதை எவ்வளவு சாப்பிடணும்னு யாரும் சொல்லக் கூடாது, ஊட்டி விடுறவங்க பிள்ளை கை காட்டுன பிறகுதான் ஸ்பூனைத் தொடணும். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி, இன்னைக்கு முட்டையா தின்னு தீர்க்கும், நாளைக்கு வாழைப்பழமா இறங்கும், பாக்குறவங்களுக்கு பயமா இருக்கும், ஆனா மொத்தமா பாத்தா எல்லாம் நல்லா வளந்துச்சு. ரிக்கெட்ஸ்னு எலும்பு வலுவில்லாமப் போற நோயோட வந்த ஒரு குழந்தை தன் முன்னாடி வச்ச மீன் எண்ணெயை எலும்பு சரியாகுற வரைக்கும் தானாவே குடிச்சிருக்கு. இதைப் படிச்சுட்டு பிள்ளை இஷ்டத்துக்கு விட்டுறலாம்னு யாரும் நெனைக்க வேண்டாம், ஏன்னா அந்தத் தட்டுல சக்கரை போட்ட எதுவும் கிடையாது, பிஸ்கட் கிடையாது, பாக்கெட்ல வந்த எதுவுமே கிடையாது. வச்சது எல்லாம் நல்லது, அதனால எதை எடுத்தாலும் நல்லது, அந்த டாக்டரே இதைத்தான் சொன்னாங்க. அப்ப நம்ம கஷ்டப்பட வேண்டிய எடம் பிள்ளையோட வாய் கிடையாது, சமையக்கட்டும் மளிகைக் கடையும்தான்.

இதை நான் அழுத்தி சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்குற பிள்ளைங்கள்ல 57.4 சதவீதத்துக்கு ரத்தசோகை. இந்தியா முழுக்க 67.1. நூத்துக்கு அம்பத்தேழு, அதுவும் நம்ம ஊருல, சத்துணவு போட்டு நாட்டுக்கே வழி காட்டுன ஊருல. நாம வாய் எண்ணிக்கிட்டு இருக்குற நேரத்துல உள்ள போறதுல இரும்புச்சத்து இருக்கான்னு பாக்காம விட்டுட்டோம். சோறு சாப்பிடலையேன்னு அந்தக் குறையைப் பால்ல ஈடுகட்டுறது ரொம்பப் பேர் வீட்ல நடக்குது, காலைல ஒரு டம்ளர், பதினோரு மணிக்கு ஒண்ணு, தூங்கும்போது பாட்டில்ல ஒண்ணு, ராத்திரி எந்திரிச்சா ஒண்ணு. பால்ல இரும்பு கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அரை லிட்டருக்கு மேல போச்சுன்னா வயித்தை அடைச்சு மத்த சாப்பாட்டுக்கு எடம் இல்லாமப் பண்ணிடும், பிள்ளை சாப்பிடலைன்னு இன்னும் பால் குடுப்போம். எங்க வீட்ல பால் டம்ளர்ல மட்டும், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. செவிலியர் அக்கா குடுத்த இரும்புச்சத்து சிரப் வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு மில்லி, அதை வீட்டுக்காரி காலண்டர்ல டிக் அடிச்சு வச்சிருவா.

இந்தப் பக்கம் கேப்பை நல்லா வெளையும், கிருஷ்ணகிரி ராகிக்குப் பேர் போன மாவட்டம், பக்கத்து வீட்டு அக்கா களி கிண்டினா பாப்பாவுக்கு ஒரு சின்ன உருண்டை கீரைக் கொழம்போட வந்துடும். எங்க அம்மா கேப்பை மாவுல முருங்கக்கீரை போட்டு அடை தட்டுவாங்க, நல்லெண்ணெய் விட்டு மெல்லிசா, ஓரம் மொறுமொறுன்னு இல்லாம மெத்துன்னு, அதை கையில புடிச்சிக்கிட்டு வீடு முழுக்க சுத்துவா. அதுகூட நெல்லிக்காயோ ஆரஞ்சோ ஒரு துண்டு இருந்தா கீரையில இருக்குற இரும்பு உடம்புல நல்லா ஒட்டும், டீயில நனைச்சுக் குடுத்தா ஒட்டாது. டீயில வர்க்கி முக்கி பிள்ளை வாயில வைக்குற பழக்கம் நம்ம எல்லார் வீட்லயும் இருக்கு, பிள்ளைக்கு டீ வேண்டவே வேண்டாம், தயவு செஞ்சு விட்டுருங்க. முட்டை தெனமும் ஒண்ணு அவிச்சு வைப்பேன், மஞ்சக்கருவ மட்டும் எடுத்துத் தின்னுட்டு வெள்ளையை எனக்கு ஊட்டி விடுவா. புதுக் காயை முதல் தடவை வாயில வச்ச உடனே துப்பிட்டா புடிக்கலைன்னு முடிவு கட்டக்கூடாது, பத்து தடவைக்கு மேலகூட தட்டுல வந்து போன பிறகுதான் சில காய் உள்ள போகும், எங்க வீட்ல பீட்ரூட் அப்படித்தான் ஜெயிச்சுது, வெண்டைக்காய் இன்னும் வெளியதான் நிக்குது. ஒரு விஷயத்துல மட்டும் நான் யாருக்கும் விட்டுக்குடுக்குறது இல்ல, முழு வேர்க்கடலை, பாப்கார்ன், முழு திராட்சை, கெட்டி மிட்டாய் எதுவும் அவ கைக்கு வரக்கூடாது, தொண்டையில சிக்குனா நிமிஷக் கணக்குதான். திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டித்தான் தருவோம். கடைக்காரர் பாசமா நீட்டுற மிட்டாயை நான் வாங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டு அவருக்கு நன்றி சொல்லிட்டு வந்துருவேன், அவர் மனசும் நோகாது.

போனைக் காட்டி ஊட்டுறதைப் பத்தி கேட்டா, எங்க வீட்ல கெடையாது. ரெண்டு வயசுக்குள்ள வீடியோ கால் தவிர ஸ்கிரீனே வேண்டாம், ரெண்டுல இருந்து அஞ்சுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021லயே சொல்லியாச்சு. எனக்கு நேரக் கணக்கை விட இன்னொண்ணுதான் முக்கியமாப் படுது, போன் ஓடும்போது பிள்ளை வாயைத் தொறக்குறது பசிக்காக கிடையாது, கண்ணு ஒரு எடத்துல நிக்குது, வாய் தானாத் தெறக்குது, வயிறு நெறஞ்சதே அதுக்குத் தெரியாது. போதும்னு சொல்லத் தெரிஞ்சுதான் பிள்ளை பொறக்குது. அதை நாமளே அழிச்சுட்டு பத்து வயசுல டயட் இருன்னு சொல்லப் போறோமா. ஆள் இல்லாம, கை ஒழியாம ஒத்தையா பிள்ளை வளக்குறவங்க போனைக் குடுக்குறதை நான் குறை சொல்ல மாட்டேன், அவங்க கூட ஒரு ஆள் உட்காந்தா அவங்களுக்கும் போன் தேவைப்படாது.

எல்லா நாளும் இப்படி ஓடிடாது. இப்ப கடைசிக் கடைவாய்ப் பல்லு மொளைக்கிற சமயம், ஈறு வீங்கி எச்சியா ஒழுகிட்டு ரெண்டு நாள் மூணு நாள் எதையும் தொட மாட்டா. சளிக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். அந்த நேரத்துல எவ்வளவு படிச்சிருந்தாலும் நெஞ்சு கெடந்து அடிச்சுக்கும், ஷிப்ட்ல மெஷின் முன்னாடி நிக்கும்போது அவ குடிச்ச கஞ்சியே கண்ணு முன்னாடி நிக்கும். அப்ப நாங்க பாக்குறது சோத்தை இல்ல, தண்ணியை. பருப்புத் தண்ணி, எளநீர், ஆறுன அரிசிக் கஞ்சி, மடக்கு மடக்கா. ஒண்ணுக்குப் போறாளா, அழுதா கண்ணுல தண்ணி வருதா, முழிச்சிருக்கும்போது கொஞ்சமாவது வெளையாடுறாளா. ஆறு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்குப் போகலைன்னா, துவண்டு கெடந்தா யோசிக்காம டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும். காய்ச்சல் விட்ட ரெண்டாம் நாள் அவளாவே தட்டை எடுத்துட்டு வந்து சமையக்கட்டு வாசல்ல நிப்பா, விட்டதையும் சேத்து சாப்பிடுவா, அந்த ரெண்டு மூணு நாளைக்கு நானே அரை இட்லியை முழுசாக்கி வைப்பேன்.

அடுத்த மாசம் எனக்கு ஜெனரல் ஷிப்ட் மாறுது, காலைப் பொழுது இனி எனக்கு இல்ல. எங்க ஏரியா அங்கன்வாடியில பேசி வச்சிருக்கோம், ரெண்டு வயசு முடிஞ்சதால சேத்துக்குவாங்க, கலந்த சாதமும் முட்டையும் குடுக்குறாங்க, எடை போட்டு அட்டையில குறிக்கிற டீச்சரும் அங்கயே இருக்காங்க. போய்ப் பாத்தேன், பிள்ளைங்க எல்லாம் வரிசையா உட்காந்து தன் கையாலயே சாப்பிடுதுங்க, பக்கத்துல இருக்குறவன் தட்டுல இருந்து எடுத்தும் சாப்பிடுதுங்க, டீச்சர் ஒரு வாளியில தண்ணி வச்சுக்கிட்டு கடைசியில மொத்தமா கை கழுவி விடுறாங்க. முதல் ரெண்டு மாசம் அம்மா ஊர்ல இருந்து வந்து கூட இருக்கேன்னு சொல்லியிருக்காங்க, கேப்பை மாவு திரிச்சு ரெடியா இருக்காம். பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் விடுறது, கூட்டிட்டு வர்றது, சாயங்காலம் அடை தட்டுறது எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, ராத்திரிச் சோறு நாங்க நாலு பேரும் ஒண்ணா கீழ உட்காந்து சாப்பிடுறதா பேசி வச்சிருக்கோம், பெரிய வேட்டியா ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்.